தையல் பிரியும் இடங்கள்: மனிதர் பூமிக்குச் செய்ததைப் பல துறைகள் சேர்ந்து படிக்கும்போது

கடல்மேற்பரப்பு வெப்பநிலையின் நூற்றாண்டுப் பதிவை வரைந்து பார்த்தால், 1945 ஆகஸ்ட் மாதத்தில் கோடு படியிறங்கினாற்போல் சட்டென்று விழும். சுமார் 0.3 டிகிரி செல்சியஸ். எல் நினோ போன்ற இயற்கை ஏற்ற இறக்கங்களைக் கழித்துவிட்டால் அந்தச் சரிவு இன்னும் பளிச்சென்று தெரியும். அதே காலத்தில் தரையில் எடுத்த அளவீடுகளில் அப்படி ஒன்றுமே இல்லை. கடல் மட்டும் ஒரே மாதத்தில் எப்படிக் குளிர்ந்தது?

கடல் குளிரவில்லை. போர் முடிந்தது, அவ்வளவுதான். 1942 தொடக்கத்திலிருந்து 1945 ஆகஸ்ட் வரை கைக்குக் கிடைக்கும் பதிவுகளில் ஏறக்குறைய 80 சதவீதம் அமெரிக்கக் கப்பல்களுடையவை. அவை எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் நீரில் வெப்பத்தை அளந்தன. எஞ்சின் அறையின் சூடு ஏறி, அளவு சற்றுக் கூடுதலாக வரும். போருக்குப் பிந்தைய பதிவுகளில் பாதியளவு பிரிட்டிஷ் கப்பல்களுடையவை. அங்கே வாளியை இறக்கி நீர் மொண்டு, தளத்துக்கு இழுத்து அளந்தார்கள். வெப்பக்காப்பு இல்லாத வாளி. மேலே வந்து சேர்வதற்குள் நீர் ஆவியாகிக் குளிர்ந்துவிடும். அளந்தவர் மாறினார், கடல் மாறவில்லை. இது தெளிவாக வெளியானது 2008-இல். அதற்கு முன் அந்தச் சரிவுக்கு இயற்பியல் காரணம் தேடியவர்கள் உண்டு. விடை, எந்த நாட்டுக் கொடி பறந்த கப்பலில் யார் எப்படி அளந்தார் என்ற வரலாற்றுக் கேள்வியில் இருந்தது.

மனிதர் பூமியை மாற்றியதைப் படிக்கும் வேலையில் பெரும்பாலான தவறுகள் இந்த ரகம்தான். ஒவ்வொரு துறைக்குள்ளும் அவரவர் சரியாகவே செய்திருப்பார்கள். ஒரு துறையின் எண்ணை இன்னொரு துறையின் எண்ணோடு வைத்துத் தைக்கும்போதுதான் நூல் பிரியும். எப்போது, எவ்வளவு, யார் என்ற மூன்று கேள்விகளில் தையல் போடவேண்டியிருக்கிறது. முதல் கேள்விதான் அதிகம் சிக்கலானது. இந்தப் பதிவின் பெரும்பகுதியும் அதற்குத்தான்.

எந்த ஆண்டிலிருந்து?

மனிதரே பூமியை மாற்றும் காலம் என்று பொருள்படும் ஆந்த்ரோபோசீன் என்ற சொல்லை 2000-இல் வளிமண்டல வேதியியலாளர் பால் குருட்சனும் ஏரிகளின் டயட்டம் பாசிகளை ஆராய்ந்த யூஜின் ஸ்டோமரும் ஒரு செய்திமடலில் சேர்ந்து எழுதிப் பரவலாக்கினார்கள். தமிழில் மானுட ஊழி என்கிறோம். ஊழிக்கு நெடுங்காலம் என்றும் அழிவு என்றும் இரு பொருளும் இருப்பதால், மூலச்சொல்லைவிடத் தமிழ்ச்சொல் கொஞ்சம் கூடுதலாகவே பேசிவிடுகிறது. அவர்கள் சொன்ன தொடக்கம் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி: நீராவி இயந்திரமும் நிலக்கரியும்.

நிலவியலாளருக்கு அப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது. பூமியில் ஏதோ ஓரிடத்தில், ஒரு படிவில், "இந்தக் கோட்டுக்கு மேலே புதிய காலம்" என்று விரல் வைத்துக் காட்டவேண்டும். நாம் இன்றும் வாழும் ஹோலோசீன் தொடங்கும் கோடு கிரீன்லாந்துப் பனிக்குள் 1,492.45 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டிலிருந்து 11,700 ஆண்டு பின்னால். ஆந்த்ரோபோசீனுக்கு அப்படியொரு கோடு தேட 2009-இல் ஒரு பணிக்குழு அமைந்தது. 2023-இல் அது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள கிராஃபோர்ட் ஏரியைத் தேர்ந்தெடுத்தது. தொடக்கமாக முன்வைத்தது 1952. அணுகுண்டுச் சோதனைகளின் புளுட்டோனியம் படிவில் உயரத் தொடங்கும் இடம். 2024 மார்ச்சில் குவாட்டர்னரி காலத்துக்கான (ஹோலோசீனையும் உள்ளடக்கிய, நிலவியலின் கடைசிக் காலப்பிரிவு) துணை ஆணையம் அதை 12-க்கு 4 என்று நிராகரித்தது.

தொல்லியல் பக்கம் போனால் 1952 என்பதே விசித்திரமாகத் தெரியும். காடழிப்பால் கார்பன் டை ஆக்சைடும் நெல் வயல்களால் மீத்தேனும் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இயற்கைப் போக்கிலிருந்து விலகின என்று பழங்கால காலநிலையை ஆராயும் வில்லியம் ரடிமன் 2003-இல் வாதிட்டார். முதலாவதுக்கு 8,000 ஆண்டு, இரண்டாவதுக்கு 5,000 ஆண்டு. மீத்தேன் பக்கம் அந்த வாதம் தாங்குகிறது. கார்பன் டை ஆக்சைடு பக்கம், பனியில் அடைபட்ட காற்றின் கார்பன்-13 (கார்பனின் சற்றுக் கனமான வகை) அளவுகள் அதற்கு அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. இன்னொரு வாதம் 2015-இல் வந்தது: 1610. ஐரோப்பியர் வருகைக்குப் பின் அமெரிக்கக் கண்டங்களில் கோடிக்கணக்கானோர் நோயாலும் போராலும் மடிந்தார்கள், விட்டுப்போன வயல்கள் காடாகின, அந்த மரங்கள் காற்றிலிருந்து கார்பனை இழுத்தன, 1570-க்கும் 1620-க்கும் இடையே கார்பன் டை ஆக்சைடு 7 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இறங்கியது என்பது அதன் சாரம். அண்டார்டிகாவின் லா டோம் பனியில் இந்த இறக்கம் செங்குத்தாகத் தெரிகிறது. வேறு இடத்துப் பனியில் மெல்லிய நீண்ட சரிவாகத்தான் தெரிகிறது. பனியில் காற்றுக்குமிழி பல பத்து மீட்டர் ஆழம் போனபிறகே முழுதாக மூடிக்கொள்கிறது என்பதால், சுற்றியுள்ள பனியைவிட அதன் உள்ளே இருக்கும் காற்று இளையது. பல ஆண்டுக் காற்று ஒன்றாகக் கலந்ததும்கூட. எத்தனை ஆண்டு கலக்கிறது என்பது அந்த இடத்தில் பனி எவ்வளவு வேகமாகக் குவிகிறது என்பதைப் பொறுத்தது. துளையிட்டு எடுத்த ஒரு பனித்தண்டின் வளைவை மட்டும் பார்த்து "இந்த ஆண்டு" என்று சொல்பவரிடம் முதலில் இதைத்தான் கேட்கவேண்டும்.

வாக்கெடுப்பு தோற்றதால் ஆய்வுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்பது என் கருத்து. உலகம் முழுக்க ஒரே நாள் வேண்டும் என்பது நிலவியல் அட்டவணையின் தேவை. மண்ணை, காட்டை, மீனைப் படிப்பவருக்குத் தேவை நேர்மாறானது: எந்த இடத்தில் எப்போது, ஏன் அங்கே முன்பும் இங்கே பின்பும். தேதிச் சண்டையில் ஆண்டுக்கணக்கில் செலவிட்ட ஆற்றலுக்கு, அதற்காக அளந்த ஏரிகளும் பவளங்களும் பனித்தண்டுகளும்தான் உண்மையான பலன்.

ஏரிச் சேறு எப்படிப் பேசும்

கிராஃபோர்ட் ஏரி 2.4 ஹெக்டேர்தான்; ஆழமோ ஏறக்குறைய 24 மீட்டர். பரப்பு சிறிது, ஆழம் அதிகம் என்பதால் அடிநீர் மேல்நீரோடு கலப்பதில்லை. சேற்றைக் கிளறும் புழுக்களும் அங்கே இல்லை. கோடையில் நீர் சூடாகும்போது சுண்ணாம்புத் துகள் வெள்ளையாகப் படியும். மற்றக் காலத்தில் கரிமப்பொருள் கருப்பாகப் படியும். வெள்ளையும் கருப்பும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. மரத்தின் வளையத்தை எண்ணுவதுபோல் எண்ணிக்கொண்டே போகலாம். 1970-களின் தொடக்கத்தில் இந்தச் சேற்றில் மக்காச்சோள மகரந்தம் கிடைத்தது. சோளம் தானாக ஏரிக்கரையில் முளைக்காது, யாரோ பயிரிட்டிருக்கவேண்டும். அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு தோண்டிய தொல்லியலாளர்கள் பக்கத்திலேயே ஐரோப்பியர் வருகைக்கு முந்தைய பூர்வகுடி ஊர் ஒன்றைக் கண்டார்கள். மகரந்தம் எண்ணியவர் ஊரைக் கண்டுபிடிக்க வழிகாட்டினார் என்பதுதான் பல துறை ஆய்வு என்று நான் எடுத்துக்காட்ட விரும்பும் முதல் உதாரணம்.

எல்லா ஏரியும் இப்படி வரிவரியாக எழுதிவைக்காது. மற்ற இடங்களில் கதிரியக்கத்தை நம்பவேண்டும். அதைச் செய்யும் முறையை வரலாறோ பொருளாதாரமோ படிப்பவரும் ஓரளவு தெரிந்துவைத்திருப்பது நல்லது. அப்போதுதான் "1870 ± 5" என்று கையில் கொடுக்கும் தேதியை எந்த அளவு நம்புவது என்று கேட்கத் தெரியும்.

முதலில் ஏரியின் ஆழமான நடுப்பகுதியில் குழாயை இறக்கி, சேற்றை நீளத்துண்டாக எடுக்கவேண்டும். ஆய்வகங்களில் இதைக் கோர் என்றே சொல்கிறார்கள். கடைசி சில பத்தாண்டுகள் படிந்த மேற்பகுதி கஞ்சிபோல் இருக்கும்; குழாயை வேகமாக இறக்கினால் அது விலகி ஓடிவிடும், நமக்கு மிகத் தேவையான பகுதியே இல்லாமல் போகும். அதனால் எடை குறைத்து மெதுவாக இறக்குவார்கள். அல்லது உலர்பனியும் ஆல்கஹாலும் நிரப்பிய உலோகப் பட்டையை இறக்கி, சேறு அதன்மேல் உறைந்து ஒட்டிக்கொள்ளும்படி செய்து எடுப்பார்கள். பிறகு துண்டு போடுவது. ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர் படியும் ஏரியில் 1 சென்டிமீட்டர் துண்டு என்பது 5 ஆண்டு. அந்தக் கோரிடம் "1931-இல் என்ன நடந்தது" என்று கேட்கக்கூடாது. துண்டின் வெளிவிளிம்பில் குழாய்ச்சுவரோடு உரசி மேலிருந்து கீழே இழுபட்ட சேறு இருக்கும். 2, 3 மில்லிமீட்டர் சீவி எறியவேண்டும். ஈர எடை, உறையவைத்து உலர்த்தியபின் எடை இரண்டையும் குறிக்கவேண்டும். அடிச்சேறு மேற்சேற்றின் பாரத்தில் அமுங்கியிருக்கும் என்பதால் ஆழத்தைச் சென்டிமீட்டரில் வைத்துக் கணக்கிட்டால் படியும் வேகம் பொய்யாக மாறும். ஒரு சதுர சென்டிமீட்டரில் மேலிருந்து சேர்ந்த உலர் எடை எத்தனை கிராம் என்றுதான் கணக்கு வைக்கவேண்டும்.

அடுத்தது காரீயம்-210 என்ற கதிரியக்கக் காரீயம். காற்றிலுள்ள ரேடான் என்ற கதிரியக்க வாயு சிதைந்து உருவாகி, மழையோடும் தூசியோடும் ஏரியில் விழுகிறது. அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 22 ஆண்டு. ஐந்தாறு அரை ஆயுளுக்குப் பிறகு அளக்க ஒன்றும் மிஞ்சாது; ஆக 100 முதல் 150 ஆண்டு வரைதான் இந்தக் கடிகாரம் ஓடும். சேற்றுக்குள்ளேயே இருக்கும் ரேடியத்திலிருந்தும் கொஞ்சம் காரீயம்-210 பிறந்துகொண்டே இருக்கும். அதைத் தனியே அளந்து கழிக்கவேண்டும். அதற்கு மாதிரியைக் காற்றுப் புகாமல் அடைத்து மூன்று வாரம் காத்திருப்பார்கள். ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள், மூன்று வாரத்தில் சமநிலைக்கு வந்துவிடும். அவசரப்பட்டு மறுநாளே அளந்தால் கழிக்கவேண்டிய தொகை குறைவாகத் தெரியும், தேதிகள் இளையவையாக வரும். இன்னொரு பொறி: "ஆண்டுதோறும் ஒரே அளவு காரீயம் விழுகிறது" என்று வைத்துக் கணக்கிடும் முறைக்கு மொத்த இருப்பும் தேவை. கோர் குட்டையாகி, அளவு பூச்சியத்தைத் தொடும் ஆழம்வரை போகவில்லை என்றால் அடித்துண்டுகள் உண்மையைவிடப் பழையவையாகக் காட்டும்.

அதனால் சாட்சிக்கு இன்னொன்று வேண்டும். சீசியம்-137 இயற்கையில் இல்லை. 1950-களின் தொடக்கத்தில் படிவுகளில் தோன்றி 1963-இல் உச்சத்தைத் தொடுகிறது. அந்த ஆண்டு அணுச்சோதனைப் பகுதித் தடை ஒப்பந்தம் வந்து வளிமண்டலச் சோதனைகள் பெரும்பாலும் நின்றன. ஐரோப்பாவின் பல இடங்களில் 1986-இல் செர்னோபில் உச்சமும் கூடுதலாகக் கிடைக்கும். அரை ஆயுள் 30 ஆண்டு என்பதால் 1963-இல் விழுந்ததில் இன்று கால் பங்குக்கும் குறைவுதான் மிஞ்சியிருக்கிறது. தெற்கு அரைக்கோளத்தில் முதலிலேயே குறைவாக விழுந்தது. அங்கே இப்போது அளப்பதே சிரமம். களிமண் குறைந்த, கரிமம் நிறைந்த சேற்றில் சீசியம் ஓரிடத்தில் நிற்காமல் மேலும் கீழும் நகரும். உச்சம் அகன்று மழுங்கிவிடும். புளுட்டோனியம் அவ்வளவு நகராது, புளுட்டோனியம்-239-இன் அரை ஆயுளும் 24,000 ஆண்டு. எதிர்காலத்தில் வேலைக்கு ஆவது அதுதான்.

மூன்றாம் சாட்சி எனக்குப் பிடித்தது: உருண்டைக் கரித்துகள்கள். நிலக்கரியையும் கனரக எண்ணெயையும் தொழிற்சாலை வெப்பத்தில் எரித்தால் மட்டுமே இவை உருவாகும். காட்டுத்தீயிலோ எரிமலையிலோ வராது. 19-ஆம் நூற்றாண்டில் தலைகாட்டி, 1950-க்குப் பிறகு உலகெங்கும் செங்குத்தாக ஏறுகின்றன. நைட்ரிக் அமிலத்தில் கரிமத்தையும், ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் மணலையும், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுண்ணாம்பையும் கரைத்துவிட்டு மிஞ்சுவதை நுண்ணோக்கியில் எண்ணவேண்டும். இரண்டாவதாகச் சொன்ன அமிலம் தோலைத் தாண்டி எலும்புவரை போகக்கூடியது. கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கையெட்டும் தூரத்தில் இல்லாத ஆய்வகத்தில் அந்தக் குப்பியைத் திறக்கவே கூடாது.

பிளாஸ்டிக்கைத் தேதியாகப் பயன்படுத்தலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவசரப்படவேண்டாம். இழைகள் சேற்றுக்குள் கீழே இறங்கும். கோர் எடுக்கும் குழாயே பிளாஸ்டிக். ஆய்வகத்தில் போட்டிருக்கும் சட்டையிலிருந்தும் இழை உதிரும். அதனால் ஒவ்வொரு தொகுதியோடும் சேறு இல்லாத வெறும் மாதிரி ஒன்றையும் அதே வழியில் நடத்தி எண்ணிக் கழிக்கவேண்டும். உப்புநீரில் மிதக்கவைத்துப் பிரிக்கிறவர்கள் இன்னொன்றை மறப்பார்கள்: நிறைவுற்ற சமையலுப்பு நீரின் அடர்த்தி 1.2, பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கின் அடர்த்தி 1.38. அது அடியிலேயே கிடக்கும், "இந்த ஏரியில் பெட் இல்லை" என்று அறிக்கை வரும். துத்தநாக குளோரைடு கரைசல் போட்டால்தான் மேலே வரும்.

இருநூறு ஆண்டு இருட்டு

இனி முக்கியமான இடம். காரீயம்-210 சுமார் 1870-க்குப் பின்னால் போகாது. அதற்கு முன்? கார்பன்-14 கொண்டு காலம் கணிக்கலாமே என்பீர்கள். ஆனால் சூரியச் செயல்பாடு மாறியதாலும், நிலக்கரி, எண்ணெய் என்ற பழைய கார்பனை எரித்துக் காற்றிலுள்ள கார்பன்-14-ஐ நாமே நீர்த்துப்போகச் செய்ததாலும், 1650-க்கும் 1950-க்கும் இடைப்பட்ட பொருளுக்கு ஒரே அளவீடு இரண்டு மூன்று வெவ்வேறு தேதிகளைக் கொடுக்கும். ஆக 1650 முதல் 1850 வரை இரண்டு கடிகாரமும் சரியாக ஓடுவதில்லை. தோட்டப்பயிர்ப் பொருளாதாரம் விரிந்ததும், நிலக்கரிப் புரட்சி தொடங்கியதும், கண்டம் விட்டுக் கண்டம் செடிகொடிகள் போனதும் இதே காலம்தான். இயற்கை அறிவியலுக்கு மங்கலாகத் தெரியும் இந்த இருநூறு ஆண்டில்தான் ஆவணக்காப்பகங்கள் நிரம்பி வழிகின்றன: வரிப் பதிவு, கப்பல் நாட்குறிப்பு, அறுவடைக் கணக்கு, நில அளவை. வரலாற்றாளரை "பின்னணி எழுத" கடைசியில் கூப்பிடும் குழுக்கள் இந்தப் பொருத்தத்தைக் கவனிப்பதே இல்லை.

ஆவணத்துக்கும் அதன் பொறிகள் உண்டு. பிரான்சின் போன் நகரில் திராட்சை அறுவடை தொடங்கிய நாள் 1354 முதல் 2018 வரை திரட்டப்பட்டிருக்கிறது. 1988-க்குப் பிறகு அறுவடை முந்தைய சராசரியைவிட 13 நாள் முன்னால் வந்துவிட்டது. ஆனால் அறுவடை நாளை வெயில் மட்டும் முடிவு செய்யாது. ஊர் நிர்வாகத்தின் உத்தரவு, போர், கொள்ளைநோயில் ஆள் தட்டுப்பாடு, வைனின் சுவை பற்றிய விருப்பம் எல்லாம் அதில் இருக்கின்றன. கருவி அளவீடு இருக்கும் காலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகுதான் பின்னோக்கிப் போகலாம்.

நாட்காட்டிகள் தனித் தலைவலி. கத்தோலிக்க நாடுகள் 1582-இல் 10 நாளைத் தாண்டின. பிரிட்டன் 1752-இல் செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 என்றது. இங்கிலாந்தில் அதுவரை புத்தாண்டு மார்ச் 25. ஆகவே பழைய ஆவணத்தில் "பிப்ரவரி 1700" என்றிருந்தால் நம் கணக்கில் அது 1701. பூ பூத்த நாள் நூற்றாண்டுக்குச் சில நாள் நகர்கிறதா என்று ஆராய்பவருக்கு 10 நாள் பிழை முழு முடிவையும் விழுங்கிவிடும். அறிவியல் பக்கமும் சளைத்ததல்ல: கார்பன் தேதியில் "இன்றைக்கு முன்" என்றால் இன்று என்பது 1950; பனித்தண்டில் பெரும்பாலும் 2000. இரண்டையும் ஒரே அட்டவணையில் ஒட்டினால் 50 ஆண்டு வழுக்கும். அட்டவணையில் தேதிக்கு ஒரு பத்தி (நெடுவரிசை) போதாது. மூலத்தில் இருந்த வடிவம், எந்த நாட்காட்டி, மாற்றிய பொது ஆண்டு, பிழைவரம்பு என்று நான்கு பத்தி தேவை. மூலப்பத்தியை யாரும் தொடக்கூடாது.

அமெரிக்காவின் கீ வெஸ்டில் பொழுதுபோக்கு மீன்பிடிப் படகில் போனவர்கள், பிடித்த பெரிய மீன்களைத் தொங்கவிட்டு எடுத்துக்கொண்ட புகைப்படங்களை ஓர் ஆய்வு அளந்தது. 1950-களின் பிற்பகுதியில் சராசரி மீன் 19.9 கிலோ, 2007-இல் 2.3 கிலோ. படத்தில் நிற்பவர்களின் சிரிப்பு மட்டும் மாறவில்லை. பெரிய மீனை மட்டும்தானே தொங்கவிடுவார்கள், இது எப்படி மாதிரியாகும் என்று கேட்கலாம். சரியான கேள்வி. கடலின் சராசரி மீனுக்கு இது மாதிரி ஆகாது. ஒவ்வொரு காலத்திலும் ஒரே வழக்கப்படி "பெரியது" என்று தேர்ந்தெடுத்ததை ஒப்பிடுவதால் போக்கைக் காட்டும். அவரவர் இளமையில் பார்த்த கடலையே இயல்பு என்று எடுத்துக்கொள்வதை மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995-இல் நகரும் அடிக்கோடு என்றார். நேர்காணல் எடுக்கும்போதும் இது கையில் இருக்கவேண்டும். "மீன் குறைந்துவிட்டதா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "இந்த மீனைக் கடைசியாகப் பிடித்தது எப்போது, எங்கே, எந்த வலையில்?" என்று கேட்கவேண்டும்; ஆண்டு நினைவில்லை என்றால் ஒரு திருமணத்தையோ புயலையோ வைத்து நிறுத்தவேண்டும்.

எவ்வளவு

அலகுப் பிழைகளைச் சட்டென்று சொல்லிவிடலாம், ஏனென்றால் தெரிந்தபின் தவிர்ப்பது எளிது. கார்பன் டன்னும் கார்பன் டை ஆக்சைடு டன்னும் வேறு, 3.67 மடங்கு வித்தியாசம். காற்றில் 1 பிபிஎம் உயர்ந்தால் 2.12 கிகாடன் (கிகாடன் என்றால் நூறு கோடி டன்) கார்பன் கூடியதாகப் பொருள். ஆனால் நாம் வெளியிடுவதில் பாதிக்குச் சற்றுக் குறைவுதான் காற்றில் தங்குகிறது, மீதியைக் கடலும் காடும் இழுக்கின்றன. மீத்தேனை நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடின் ஏறக்குறைய 30 மடங்கு என்றும் இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேல் என்றும் சொல்லலாம். எந்தக் கணக்கு என்று எழுதாத அட்டவணையைப் பயன்படுத்தாதீர்கள். துருவத்தை நெருங்க நெருங்கப் பரப்பை நீட்டிக் காட்டும், இணைய வரைபடங்களின் மெர்கேட்டர் வடிவில் பரப்பை அளந்தால் 60 டிகிரி அட்சரேகையில் காடு நான்கு மடங்காகத் தெரியும்.

உயிர்த்திணிவு, அதாவது உயிர்ப்பொருளின் மொத்த எடை பற்றிய கணக்கு நல்ல பாடம். 2018-இல் வெளியான மதிப்பீட்டில் பூமியின் மொத்த உயிர்த்திணிவு 550 கிகாடன் கார்பன். அதில் கால்நடைப் பாலூட்டிகள் 0.1, மனிதர் 0.06, காட்டுப் பாலூட்டிகள் 0.007. 2020-இல் அதே ஆய்வுக்கூடத்தார், கான்கிரீட், செங்கல், தார், உலோகம் என்று நாம் செய்த பொருளின் எடை உலகின் உயிர்ப்பொருள் எடையைத் தாண்டும் தருவாயில் இருப்பதாகக் கணக்கிட்டார்கள்: இரண்டும் ஏறக்குறைய 1.1 லட்சம் கோடி டன். செய்தியில் வந்தது அவ்வளவுதான். வராதது: இது உலர் எடை. மரத்துக்குள் இருக்கும் நீரையும் சேர்த்தால் தாண்டும் ஆண்டு பின்னுக்குத் தள்ளிப்போகும். 550-ஐ 1.1 லட்சம் கோடியோடு நேரே ஒப்பிட்டு "மனிதர் இரண்டு மடங்கு" என்று எழுதியவரும் இருப்பார்; முதலாவது கார்பன் எடை, உலர் எடையில் ஏறக்குறைய பாதி.

இன்னொரு பிழை புள்ளியியலில். 1950-க்குப் பின் ஏறக்குறைய எல்லா வளைவும் மேல்நோக்கி வளைவதைக் காட்டும் 24 வரைபடங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். 12 சமூகப் பொருளாதாரம், 12 பூமியின் இயக்கம். ஏறும் இரண்டு கோடுகளை ஒப்பிட்டால் தொடர்பு எண் பெரும்பாலும் 0.9-க்கு மேல் வரும். தொலைபேசிகளின் எண்ணிக்கை கடலை அமிலமாக்கியது என்றுகூட நிரூபித்துவிடலாம். ஆண்டுக்கு ஆண்டு மாற்றத்தை எடுத்து ஒப்பிடவேண்டும், இடையே உள்ள இயக்கத்தையும் காட்டவேண்டும். கார்பன் டை ஆக்சைடு விஷயத்தில் அது நடந்தது: காற்றில் கார்பன்-14 நீர்த்தது, கார்பன்-13 பங்கு இறங்கியது, எரிப்பதற்கு ஏற்ப ஆக்சிஜன் குறைந்தது, எரிபொருள் விற்பனைக் கணக்கும் ஒத்துவந்தது. ஒன்றையொன்று பார்த்து எழுதாத நான்கு சாட்சிகள்.

பார்த்து எழுதியதும் உண்டு, அதுதான் ஆபத்து. கடந்தகால நிலப்பயன்பாட்டுக்கு எல்லோரும் எடுப்பது ஹைட் என்ற தரவுத்தளம். பழைய காலத்துக்கு அது மக்கள்தொகையைத் தலைக்கு இவ்வளவு நிலம் என்று பெருக்கித்தான் வயலை வரைகிறது. அதை எடுத்து "மக்கள்தொகை கூடியதால் வயல் கூடியது" என்று கண்டுபிடித்தால், உள்ளே போட்டதையே வெளியே எடுத்திருக்கிறீர்கள். இதற்கு மாற்றாக 2019-இல் வந்த ஆர்க்கியோகுளோப் ஆய்வு உலகை 146 பகுதியாகப் பிரித்து 255 தொல்லியலாளரிடம் கேட்டது: 10,000 ஆண்டுக்கு முன்பிருந்து 1850 வரை, உங்கள் பகுதியில் வேட்டையும் சேகரிப்பும், உழவு, மேய்ச்சல் எவ்வளவு பரவலாக இருந்தன? சுருக்கமான விடைத்தேர்வுகள், கூடவே விடையளிப்பவரின் நிபுணத்துவம் எவ்வளவு என்ற கேள்வியும். 3,000 ஆண்டுகளுக்கு முன்பே பூமியின் பெரும்பகுதி மனிதக் கைபட்டதாகிவிட்டது என்பது முடிவு. பல இடங்களில் ஹைட் காட்டியதைவிட முன்னதாக. நிபுணர் குறைந்த பகுதிகளில் விடை தளர்வாக இருக்கும் என்பது இதன் பலவீனம். ஆனால் அந்தத் தளர்வு தரவிலேயே பதிவாகியிருக்கிறது.

யார்

"மனிதர்" என்று எழுதும்போது யாரைச் சொல்கிறோம்? 2010-இல் ஓஇசிடி நாடுகளில் (பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பு) இருந்தது உலக மக்கள்தொகையில் 18 சதவீதம். உலக உற்பத்தி மதிப்பில் அவர்களிடம் இருந்தது 74 சதவீதம். மேற்சொன்ன 24 வரைபடங்களின் முதல் பதிப்பில் இந்தப் பிரிப்பு இல்லை. சமூக அறிவியலாளரின் கண்டனம் வந்த பிறகு 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில் சமூகப் பொருளாதார வளைவுகளை இயன்றவரை நாட்டுக் குழுவாகப் பிரித்தார்கள். அதுவே போதாது, நாட்டுக்குள் யார் என்பவர்களும் உண்டு; நியாயமான கேள்விதான். செய்முறையில் இரண்டு தேர்வு எடுக்கவேண்டும். ஒரு பொருளின் புகையை அது உற்பத்தியான நாட்டில் எழுதுவதா, வாங்கிய நாட்டில் எழுதுவதா? ஆண்டுப் புகையா, தொழிற்புரட்சியிலிருந்து சேர்ந்த மொத்தமா? நான்கு சேர்க்கைக்கும் நான்கு வரிசை வரும். ஒன்றை மட்டும் காட்டி மற்றதை மறைப்பதுதான் குற்றம்.

குழுவைப் பற்றியும் கொஞ்சம். சொல் ஒன்றாக இருந்து பொருள் வேறாவதுதான் முதல் சண்டை. காலநிலைக் குழுவான ஐபிசிசி அறிக்கையில் "சாத்தியம் அதிகம்" என்றால் 66 சதவீதம் அல்லது அதற்கு மேல், "மிக அதிகம்" என்றால் 90 சதவீதம். வரலாற்றாளர் அதே சொல்லை எழுதும்போது அவர் மனதில் எண்ணே இல்லை. "மாதிரி" என்றால் ஒருவருக்குச் சேறு, இன்னொருவருக்குச் சமன்பாடு. முதல் மாதத்திலேயே இருபது சொல்லுக்கு ஒரு பக்கத்தில் பொருள் எழுதிக் கையொப்பமிட்டுவிடுங்கள். ஆசிரியர் வரிசையையும் அப்போதே பேசுங்கள். பொருளாதாரத்தில் அகரவரிசை வழக்கம், இயற்கை அறிவியலில் பங்களிப்பு வரிசை, வரலாற்றில் பெரும்பாலும் தனியொருவர் பெயர். கடைசி வாரத்தில் இதைப் பேசிய குழு அடுத்த திட்டத்தில் சேர்ந்து இருக்காது.

கோரின் ஒரு பாதியைத் துண்டு போடாமல் நீளவாக்கில் பிளந்து, உறையிட்டு, 4 டிகிரி குளிரில் வைத்துவிடுங்கள். உறையவிடக்கூடாது, உறைந்தால் அடுக்குகள் கிழியும். உறையின்மேல் ஆயத்தொலைவு, நீர் ஆழம், மேல் எது கீழ் எது என்ற அம்புக்குறி, எடுத்த நாள், எந்தக் கருவியால், யார் கையால் என்பதை அழியாத மையில் எழுதுங்கள். ஆவணம் என்றால் பக்கத்தின் படமும், படியெடுத்தவர் பெயரும், படிக்க முடியாத இடத்தில் ஊகித்து நிரப்பாமல் விட்ட வெற்றிடமும் கூடவே போகவேண்டும். வாளியால் மொண்டதா, குழாயால் இழுத்ததா என்பதற்கும் அட்டவணையில் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.